மாமா மிதித்த நீலமணிகள்

பரிஸ் நகரத்து லா சப்பலில் வளர்ந்த என் வயதுக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது உங்களில் யாராவது காடு பார்த்திருக்கிறீர்களா? புல்லில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதும் பூங்காவைச் சொல்லவில்லை. ரயில் ஏறிப் போய், இறங்கி, சேற்றில் நடந்து பார்க்கும் காடு. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் எங்கள் வயதுக்காரர் எட்டுப் பேர் ஒரே மேசையில் இருந்தோம். இதைக் கேட்டேன். ஏழு பேரும் இல்லை என்றார்கள். "காட்டுக்கு ஏன் போறது?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். அவரில் குறையில்லை. எங்கள் அப்பாமார் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார்கள். எங்கள் அம்மாமாருக்கு மெட்ரோ வரைபடம் முடிகிற இடத்தில் பிரான்சும் முடிந்துவிடும்.

நான் பார்த்தேன். அதுவும் சித்திரை மாதத்தில், மரங்களுக்குக் கீழே நிலம் முழுவதும் நீலமாக இருந்தபோது பார்த்தேன். எங்கள் வீட்டாரின் ஒரு சந்தேகம்தான் என்னை அங்கே கொண்டுபோனது.

அப்போது எனக்குப் பத்து வயது. மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்கு அருகே, ஐந்தாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு வெள்ளை வான் வண்டி வைத்துத் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்கினார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அதற்கு முந்தைய வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். இருபத்தாறு வயது. விடியப்புறம் எழுந்து அலுவலகங்களில் மெனாஜ் செய்யப் போவார். கூட்டித் துடைக்கும் வேலைக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் அதுதானே.

சின்னம்மாவும் நானும் ஒரே மெத்தையில் படுத்தோம். மெத்தைக்கு மேலே உடுப்புக் காயப்போடும் கொடி. குளிர்காலம் முழுவதும் அப்பாவின் ஈரச் சட்டைகள் எங்கள் முகத்துக்கு மேலே தொங்கின. சவர்க்கார மணமும் பொரித்த எண்ணெய் மணமும் சேர்ந்து கீழே இறங்கும். அந்த வீட்டில் பூட்டக்கூடிய கதவு கழிவறைக்கு மட்டும்தான். அதையும் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த மாசியில் மாமா சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். லா கூர்னெவ்வில் இருந்த ஒருவர். நாற்பதைத் தாண்டியவர். விசா, வேலை, வீடு எல்லாம் சரி. ஜாதகமும் பொருந்தியது. அவருடைய படத்தை அம்மா சாமிப் படங்கள் இருந்த தட்டில் கொண்டுபோய் வைத்தார். சின்னம்மா தினமும் அந்தத் தட்டில் விளக்குக் கொளுத்துவார், வந்த நாள் முதல் செய்து வந்த வேலை. மாமா அதைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "பாத்தியே, அவளுக்கும் விருப்பம்தான்" என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் முடிந்துபோனது.

பங்குனி முடிய சின்னம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். திரான்சியில் ஒரு சிநேகிதி வீட்டில் கேக் அடிக்கப் பழகுவதாகச் சொன்னார். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்ப மூன்று மணியாகும். கேக் ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஐந்து மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்காமல், கன்னம் சிவந்து, கேட்காமலே எனக்குத் தலை இழுத்து வாரிவிடுவார்.

இரண்டாவது ஞாயிறு அம்மா கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனார். அங்கே அந்தத் திரான்சிச் சிநேகிதியே கூடையோடு நின்றாராம். "உங்கடை தங்கச்சி சுகமே அக்கா? கண்டு மூண்டு மாதமாகுது" என்று கேட்டாராம். அம்மா முருங்கைக்காயை விட்டுவிட்டு வந்தார். நேரே சின்னம்மாவின் சப்பாத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கறுத்த சேறு காய்ந்து, அதில் ஒரு பழைய இலை ஒட்டியிருந்தது.

மாமா அந்தச் சப்பாத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். "பரிசிலை எங்கையடி சேறு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை?"

"ஆரோ ஒருத்தன் இருக்கிறான்" என்றார் மாமா.

அன்றிரவு, அப்பா வேலையால் வந்த பிறகு, சின்னம்மா நித்திரையானதும் குசினிக்குள் பெரிய கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் மூன்று பேர், ஒரு கேத்தில். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மாமா சொன்னார். சின்னம்மாவிடமே கேட்டால் என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டார். "கேட்டா சொல்லுவாளே, மச்சான்?" என்றார் மாமா. அப்பா அதற்குப் பிறகு தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"வாற ஞாயிறு சின்னம்மாவோடை நீயும் போ. கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழு. ஆரோடை கதைக்கிறா, எங்கை போறா, எல்லாம் பாத்து வந்து சொல்லவேணும். ஒண்டையும் மறைக்கக் கூடாது, விளங்குதே?"

விளங்கியது. அந்த வாரம் முழுவதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், கவுண்டர்களில் அப்பாவுக்காகப் பிரெஞ்சு கதைப்பதும்தான் அதுவரை எனக்குக் கிடைத்த பெரிய வேலைகள். இது அதைவிடப் பெரிது. ஒற்றர் வேலை.

ஞாயிறு காலை நான் நன்றாகவே அழுதேன். சின்னம்மா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார், முகத்தைத் திருப்பவில்லை.

"சரி, வா. பழைய சப்பாத்தைப் போடு" என்றார் சின்னம்மா.

உங்களுக்கு அந்தக் காலை நேரத்துத் தெரு நினைவிருக்கும். பாதி திறந்த இரும்புக் கதவுகள், பேக்கரி வாசலில் சூட்டு மணம், தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ஓடும் அதிர்வு. கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போனோம். திரான்சிக்குப் போகும் ரயில் கீழ்த் தளத்தில் என்று எனக்குத் தெரியும். சின்னம்மா கீழே இறங்கவில்லை. புறநகர் ரயில்கள் நிற்கும் பக்கம் நடந்தார். இதோ, இப்போது ஒருவன் வரப்போகிறான் என்று ஒவ்வொரு தூணையும் பார்த்தேன்.

ஒருவரும் வரவில்லை. ரயில் புறப்பட்டது. வீடுகள் சிறுத்துக்கொண்டே போயின. பிறகு வீடுகளே இல்லை. ஜன்னல் நிறைய மஞ்சள், கடுகைப்போலப் பூத்த வயல்கள், வானம் தொடும் இடம் வரை.

"சின்னம்மா, ஆரைப் பாக்கப் போறம்?"

"பாக்கத்தானே போறாய்."

பிறகு அவராகவே சொன்னார். ஒரு ஞாயிறு உண்மையாகவே திரான்சிக்குப் போகத்தான் புறப்பட்டாராம். வாரம் முழுக்க விடியப்புறம் எழும்பிய களைப்பு. தவறுதலாக வேறு ரயிலில் ஏறி, நித்திரையாகிவிட்டாராம். கண் விழித்தபோது ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கினால் திரும்பும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. குளிருக்கு ஒரே இடத்தில் நிற்க முடியாமல் நடந்தாராம்.

"பயப்பிடேல்லையே?"

"பயந்தனான். பயந்து பயந்து நடந்தனான்."

அந்தச் சின்ன ஸ்டேஷனில் எங்களோடு ஒரு கிழவியும் ஒரு சைக்கிள்காரனும் மட்டும் இறங்கினார்கள். கல் வீடுகள் உள்ள ஒரு ஊரைக் கடந்தோம். ஒரு வேலிக்குள் குதிரை நின்றது. நான் குதிரையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தரம். பிறகு ஏற்றம். ஏற்றத்தின் முடிவில் கார்னெல் காடு. மரங்களில் இலை இப்போதுதான் விட்டிருந்தது, ஒவ்வொன்றும் என் நகமளவு, வெளிச்சம் ஊடுருவும் பச்சை. கீழே போன வருடத்துச் சருகு. சப்பாத்து அமிழ்ந்து அமிழ்ந்து வெளியே வந்தது. ஈர மண்ணின் மணம். அதற்குள்ளே இன்னொரு மணம் வந்தது, இனிப்பாக, குளிராக, எனக்குப் பெயர் தெரியாத மணம்.

பாதை திரும்பியது. மரங்களுக்கு அப்பால் நீலமாகத் தெரிந்தது.

"சின்னம்மா, தண்ணி! அங்கை பாருங்கோ, குளம்!"

"ஓடிப் போய்ப் பார்" என்றார்.

ஓடினேன். கிட்டப் போகப் போக அந்தத் தண்ணீர் அசைந்தது, பின்வாங்கியது, துண்டு துண்டானது. கடைசியில் என் முழங்காலுக்குக் கீழே நின்றது. பூ. ஒவ்வொரு தண்டிலும் பத்து, பன்னிரண்டு மணிகள், ஒரே பக்கமாகத் தலை குனிந்து, விளிம்பைச் சுருட்டிக்கொண்டு. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஊதா. பத்தாகப் பார்த்தால் நீலம். தூரத்தில், மரத்துக்கு மரம், மேட்டுக்கு மேடு, முடிவில்லாமல் புகைபோலக் கிடந்தது. நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. தமிழா பிரெஞ்சா என்றும் தெரியாது. பாதை வழியே அந்த முனைக்கு ஓடினேன், திரும்பி இந்த முனைக்கு ஓடினேன். எந்த முனையிலும் அது முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர் இதைக் காட்டு ஜசாந்த் என்பார்கள். லண்டனில் இருக்கும் மச்சாள்மார் புளூபெல் என்பார்கள். எங்களுக்கு அன்று ஒரு பெயரும் தெரியாது. சின்னம்மா நீலமணி என்று பெயர் வைத்தார்.

அவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். "கண்ணை மூடு. பத்து எண்ணு. இப்ப திற." ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நீலம் வேறாக இருந்தது. முகில் மறைத்தால் கடுமை. வெயில் வந்தால் எரியும். எங்கேயோ ஒரு குயில், இந்த நாட்டுக் குயில், இரண்டே எழுத்தில் கூவியது. சின்னம்மா கையைக் குவித்து வாயில் வைத்து அப்படியே திருப்பிக் கூவினார். குயில் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னது. இவர் மறுபடி கூவ, அது கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருடமாக ஒரே மெத்தையில் படுத்திருந்தும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

"சின்னம்மா, இஞ்சை ஆர் வருவினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம். அதுதான் இந்த இடத்தின்ரை விசேஷம்."

திரும்பும்போது சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஒரு கை நிறையப் பிடுங்கினேன். "பிடுங்காதை பிள்ளை, வாடிப்போம்" என்றார். நான் கேட்கவில்லை. தண்டிலிருந்து பசை வந்து விரல் எல்லாம் பிசுபிசுத்தது. ரயிலில் மடியில் வைத்து, ஊதி, எச்சில் தொட்டு வைத்தும் பார்த்தேன். சென் தெனி ஸ்டேஷன் வரும்போது அவித்த கீரைபோலத் தொங்கிவிட்டது.

வீட்டில் அப்பா மத்தியான வேலை முடிந்து வந்திருந்தார். சின்னம்மா குளிக்கப் போனவுடன் மூன்று பேரும் என்னைச் சூழ்ந்தார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. ரயில், குதிரை, தண்ணீர் என்று நினைத்தது, பூ, குயில் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு முட்டியது.

"எல்லாம் சரி. ஆர் வந்தது?" என்றார் மாமா.

"ஒருத்தரும் வரேல்லை."

"அப்ப ஏன் போறா?"

"பூப் பாக்க."

மாமா அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவ்வளவு தூரம் ரயில் ஏறி ஆராவது பூப் பாக்கப் போவினமே?"

நான் கையில் இருந்ததை நீட்டினேன். அப்பா ஒரு தண்டை எடுத்து வெடித்த விரல்களுக்கு இடையே உருட்டிப் பார்த்தார். "உது வெங்காயத்தாள் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

பொய் சொல்லி அகப்பட்ட நாட்கள் எனக்கு உண்டு. உண்மை சொல்லி அகப்பட்டது அன்றுதான். காலைத் தரையில் உதைத்தேன். "எல்லாரும் வந்து பாருங்கோ! இப்பவே வாங்கோ!"

"ஓம், போவம்" என்றார் மாமா. "வாற ஞாயிறு எல்லாருமாப் போவம். அவளுக்குச் சொல்லாமப் போவம்."

அந்த ஞாயிறு அப்பா லீவு எடுத்தார். பிரான்சுக்கு வந்த பிறகு அவர் எடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை லீவு அது. எங்களைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக எடுக்காத லீவு, கடற்கரைக்கு எடுக்காத லீவு. தன் மனைவியின் தங்கையைக் கையும் களவுமாகப் பிடிக்க எடுத்தார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் சேர்ந்து போன ஒரே உல்லாசப் பயணம் அப்படித்தான் கிடைத்தது.

சின்னம்மா படியிறங்கியதும் நாங்கள் வேறு வழியால் வான் வண்டிக்கு ஓடினோம். மாமா கழுத்தில் கேமரா. ஆதாரத்துக்கு. அம்மா முன்னால். அப்பாவும் நானும் பின்னால், ஜன்னலில்லாத இருட்டில், அரிசி மூட்டைமேல். கருவாட்டு மணம். வளைவுக்கு வளைவு உருண்டோம். நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், பிறகு காரியம் பெரியது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். எனக்கு ஒற்றர் வேலை மறந்தே போயிருந்தது. இவர்கள் பார்க்கப் போகிறார்கள், அது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. மாமா இரண்டு தடவை வழி தவறினார். இரண்டு தடவையும் நான் பின்னாலிருந்து தகரத்தில் தட்டி, "கெதியா போங்கோ மாமா!" என்று கத்தினேன்.

ஸ்டேஷனிலிருந்து நான்தான் வழிகாட்டி. குதிரையைக் காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை. ஏற்றத்தில் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். திருப்பத்துக்கு முன்னால் மாமா கையை விரித்து எல்லாரையும் நிறுத்தினார். ஒரு தடித்த மரத்துக்குப் பின்னால் நால்வரும் ஒளிந்தோம்.

சின்னம்மா பாதையில் நின்றார். அவரோடு ஒருவர் நின்றார். எங்களுக்கு முதுகு காட்டி, தொப்பியும் நீண்ட கோட்டுமாக, பூக்களுக்குள் எதையோ கையால் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா தலையை ஆட்டினார்.

ஒருவரும் வரமாட்டினம் என்றாரே.

"பாத்தியே!" என்றார் மாமா. கேமராவை எடுக்கவும் மறந்து, பாதையையும் மறந்து, நேரே பூக்களுக்குள் பாய்ந்து ஓடினார். "டேய்! நில்லடா!"

அந்த மனிதர் திரும்பினார். எண்பது வயது இருக்கும். வெள்ளை மீசை, கையில் ஊன்றுகோல். மாமாவைக் கண்டு அவர் பயப்படவில்லை. மாமாவின் காலைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தக் காடே அதிரக் கத்தினார். "பூ! பூவிலே மிதிக்காதே!" பிரெஞ்சில்தான். ஆனால் மாமாவுக்கு விளங்கியது. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எங்கும் பூ. ஆடினார். கையை விரித்தார். பிறகு மெல்ல, மிகவும் மெல்ல, நீலத்துக்குள் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார்.

கிழவர் ஊன்றுகோலால் காட்டிக் காட்டித் திட்டினார். நான் பாதையால் ஓடிப் போய் நின்றேன்.

"என்ன சொல்லுறார் உந்த மனிசன்?" என்றார் மாமா இருந்த இடத்திலிருந்தே.

"நீங்கள் மிதிச்ச இடத்திலை இனிக் கன வருசத்துக்குப் பூக்காதாம். வந்த அடியிலேயே கால் வைச்சுத் திரும்பிப் போகட்டாம்."

எங்கள் வீட்டில் மாமா ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததில்லை. அன்று எழுந்து, கையைக் கூப்பி, மெட்ரோவில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்லும் அந்த ஒரு சொல்லைச் சொன்னார். "பார்தோன், முசியோ." பிறகு தன் காலடிகளைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக, கொக்கு நடப்பதுபோலத் திரும்பினார்.

முதலில் சிரித்தது அம்மா. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்பா மரத்தைப் பிடித்துக்கொண்டார். கிழவர் எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடும்பமா என்று என்னிடம் கேட்டார். ஆம் என்றேன். தொப்பியைத் தொட்டு அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் வந்து பார்க்கிறவராம். வெள்ளையாகப் பூத்திருந்த ஒரே ஒரு தண்டைத்தான் சின்னம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சின்னம்மா சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவருக்குக் கிட்டப் போனார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"எத்தினை தரமடி வந்தனீ?"

"இதோடை நாலு."

அம்மா சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நெடுநேரம் பார்த்தார்.

"என்னை ஏன் கூப்பிடேல்லை?" என்று கேட்டார்.

சின்னம்மா அதற்குத்தான் அழுதார்.

அன்று மாலை வரை அங்கேயே இருந்தோம். அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்த விழுந்த மரத்தில் சின்னம்மாவோடு படுத்தார். இருவரும் சின்ன வயதுக் கதை பேசி ஒருவர் கையில் ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். அப்பா ஒரு மரத்தடியில் குந்தியிருந்து ஒரு பூவின் விளிம்பைப் பிடுங்காமலே விரலால் நிமிர்த்திப் பார்த்தார், விட்டார், பார்த்தார். பிறகு சருகில் சாய்ந்து நித்திரையானார். எனக்குத் தெரிந்த அப்பா பகலில் நித்திரை கொண்டதில்லை. மாமா ஆதாரத்துக்குக் கொண்டுவந்த படச்சுருள் முழுவதையும் எங்களைப் படமெடுத்தே முடித்தார். "அங்காலை தள்ளி நில்லுங்கோ, பூ விழவேணும்" என்று சத்தம் போட்டார். பாதையை விட்டு ஓரடியும் விலகவில்லை.

அந்தப் படங்கள் கழுவி வந்தபோது நீலம் வரவில்லை. எல்லாம் மங்கிய ஊதாவாக, சாயம் போன துணிபோல இருந்தன. கடைக்காரனோடு மாமா சண்டைக்குப் போனார். பிறகு வீடு மாறும்போது அந்த உறையும் தொலைந்துவிட்டது. மாமா பின்பக்கமெல்லாம் சேறாகப் பாதையில் நிற்கும் படம் ஒன்று இருந்தது, கேமராவை வாங்கி அம்மா எடுத்தது. அதைத்தான் நான் இன்னும் தேடுகிறேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் சொன்ன சந்தோசத்தைக் கேட்டுவிட்டு, அந்தச் சம்பந்தம் என்ன ஆனது என்று மறந்திருப்பீர்கள். வீட்டாரும் அன்று காட்டில் மறந்துதான் இருந்தார்கள். திங்கட்கிழமை மறுபடி ஞாபகம் வந்துவிட்டது. ஒருவனும் இல்லை என்பது உறுதியானதால் மாமாவுக்கு இன்னும் உற்சாகம்.

எனக்குக் கடுமையான கட்டளை. "காடு, பூ எண்டு வாய் திறக்கக் கூடாது. பொம்பிளைப் பிள்ளை தனியக் காட்டுக்குப் போறா எண்டா விசர் எண்டு நினைப்பினம்." ஓம் என்று தலையாட்டினேன்.

மாப்பிள்ளையும் அவருடைய தாயும் தமக்கையும் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர்போலத்தான் இருந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார். சின்னம்மா நீலச் சேலையில் தேநீர் கொண்டுவந்தார். தாய்க்குக் குனிந்து கோப்பையைக் கொடுத்தபோது காதருகே ஏதோ சொன்னார். சீனி காணுமோ என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

தாய் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இஞ்சை வாங்கோ பிள்ளை. சின்னம்மா ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்வா?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கண் வேண்டாம் என்றது. மாமா தொண்டையைச் செருமினார். நான் வாயை இறுக்கிப் பிடித்தேன். உண்மையாகவே பிடித்தேன். ஆனால் பூத்த ஒரு காடு உள்ளே இருக்கும்போது பத்து வயதில் எவ்வளவு நேரம் பிடிக்கலாம்?

"காட்டுக்குப் போவா! அங்கை முழுக்க நீலம், அன்ரி! தண்ணி மாதிரி! சின்னம்மா சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மரத்திலை படுத்திருப்பா. குயில் கூவினா அவவும் கூவுவா, அது கிட்ட வரும், பிறகும் கூவுவா..."

நான் கூவியும் காட்டினேன்.

தாய் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். தமக்கை அவரைப் பார்த்தார். "எந்தக் காடு?" என்று மாப்பிள்ளை ஆசையாகக் கேட்டார். தமக்கை இப்போது அவரைப் பார்த்தார். அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பலகாரம் அப்படியே இருக்க எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது, ஜாதகம் பொருந்தவில்லையாம். இரண்டு மாதத்துக்கு முன் பொருந்திய ஜாதகம்.

மாமா எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சின்னம்மாதான் என்னை அணைத்துக்கொண்டு படுத்தார். அது எனக்கு இன்னும் வலித்தது. அவருடைய கலியாணத்தைக் குழப்பியவள் நான், அவர் என்னை மன்னிக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க யோசிக்கும் பிள்ளையானேன். இன்று மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மற்றவர் சொன்னதை மட்டும் சொல்வேன், கூட ஒரு சொல் சேர்க்கமாட்டேன். இந்தத் தொழில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் அந்தத் தேநீர் கோப்பை கீழே வைக்கப்பட்ட சத்தத்தைத்தான் சொல்ல வேண்டும்.

சின்னம்மா ஒன்பது வருடம் கழித்துக் கலியாணம் செய்தார். தானே பார்த்த மனிதர், மன்னார்க்காரர், சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், பஸ் ஓட்டுபவர். அதற்கு மாமா போட்ட சத்தம் தனிக் கதை. இரண்டு பிள்ளைகள். திரான்சியில் வீடு.

இந்தச் சித்திரையில் சின்னம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கார்னெல் போனேன். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பூ அப்படியே இருந்தது. நான் அப்படியே கத்தினேன், இந்த வயதில். ஒரு பிரெஞ்சுக் குடும்பம் தள்ளுவண்டியோடு ஒதுங்கி வழிவிட்டது. அந்தக் குதூகலத்தில்தான், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"சின்னம்மா, என்னிலை உங்களுக்குக் கோவம் வரேல்லையே? அண்டைக்கு நான் உளறாட்டி அந்தக் கலியாணம் நடந்திருக்கும்."

சின்னம்மா நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னும் அதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"எப்பிடி நினைக்காமல் இருக்கிறது?"

"அடி பேய்ப்பெட்டை. உன்னட்டைக் கேக்கச் சொன்னதே நான்தான். தேத்தண்ணி குடுக்கேக்கை அவவின்ரை காதுக்கை சொன்னனான். ஞாயிற்றுக்கிழமையிலை நான் என்ன செய்யிறன் எண்டு சின்னவளைக் கேளுங்கோ, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது எண்டு."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாலைந்து அடி கோபமாகவே நடந்தேன். முப்பத்தாறு வருடம்!

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"உனக்குச் சொன்னா நீ ஊருக்குச் சொல்லுவாய்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அந்தாளைப் பிடிச்சிருக்கோ எண்டு வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை. அண்ணையும் கேக்கேல்லை, அக்காவும் கேக்கேல்லை. மாட்டன் எண்டு நானாச் சொல்ல எனக்கு வாய் இல்லை. உனக்கு இருந்தது."

முன்னால் பாதை சேறாகக் கிடந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தார், பிறகு மற்றக் காலை.